உடைந்த அன்றே முழுச்சுற்று மாவுக்கட்டா? போட விடாதீர்கள்

எண்ணூர் விரைவுச் சாலை, ராத்திரி ஒன்பது மணி. டிரெய்லர் உரசி பைக்கோடு விழுந்த 22 வயதுப் பையனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. தோல் கிழியவில்லை. 108 வருவதற்குள் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு விடச் சொன்ன பையனின் மாமாவிடம், “அங்க இப்ப பெட் கிடைக்காதுண்ணா, நமக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு” என்றார் டிரைவர்.

அந்த நர்சிங் ஹோமில் 40,000 ரூபாய் டெபாசிட் கட்டிய பிறகுதான் எக்ஸ்ரே. பதினோரு மணிக்குத் தொடையிலிருந்து விரல் வரை முழுச்சுற்று மாவுக்கட்டு. இரண்டு மணிக்குப் பையன் கத்த ஆரம்பித்தான், ஊசி போட்டார்கள். நாலு மணிக்கு இன்னொரு ஊசி. “எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான் செய்யும்.” காலையில் டியூட்டி டாக்டர் விரலைத் தொட்டுவிட்டு, “சூடா இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு” என்று போய்விட்டார். அன்று மாலை வேறு மருத்துவமனையில் கட்டை வெட்டியபோது கெண்டைச் சதை சாம்பல் நிறத்தில் இருந்தது, கத்தி பட்டும் ரத்தம் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. எலும்பு முறிவால் போன கால் இல்லை இது.

கெண்டைக்காலில் சதை நான்கு அறைகளாக, விரிந்துகொடுக்காத உறைக்குள் இருக்கிறது. உடைந்த இடத்தில் ரத்தமும் நீரும் சேர்ந்து முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும். வெளியே மாவுக்கட்டு இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் முழுக்க உள்ளேதான் திரும்பும். முதலில் நசுங்குவது நுண்ணிய ரத்தக்குழாய்கள். பெரிய நாடி அப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் “நாடி இருக்கிறது, விரல் சூடாக இருக்கிறது” என்பதை வைத்துத் திருப்திப்படக் கூடாது. ஆறு மணி நேரம் தாண்டினாலே சதை சாக ஆரம்பித்துவிடும். எண்ணெய்க்கட்டு, மூங்கில் பட்டைக் கட்டு இறுகினாலும் இதே கதைதான்.

புது முறிவுக்குப் போட வேண்டியது ஸ்லாப். பின்பக்கம் மட்டும் மாவுப் பட்டை, அதைச் சுற்றி பஞ்சும் துணிச் சுற்றும். வீங்கினால் துணியைத் தளர்த்தலாம். முழுக்கட்டெல்லாம் வீக்கம் வடிந்த பிறகு.

கூட இருப்பவர்கள் ராத்திரி முழுக்க ஒன்றைப் பாருங்கள்: அடிபட்டவரின் கால் கட்டைவிரலை மெதுவாக மேல்நோக்கி மடக்குங்கள். கெண்டைக்காலில் உயிர் போகிற மாதிரி வலித்தால், ஊசி போட்டும் வலி அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், உடனே கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். மாவை மட்டும் வெட்டினால் போதாது, அடியில் இருக்கும் பஞ்சையும் தோல் தெரிகிற வரை வெட்ட வேண்டும். காலை தலையணை மேல் உயரத் தூக்கி வைக்காதீர்கள். நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அப்படியும் வலி குறையாவிட்டால் தோலையும் உறையையும் நீளமாகக் கிழித்துத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை அன்றைக்கே வேண்டும். விரல் மரத்து, அசையாமல் போகும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் நேரம் போயிருக்கும். அங்கே ஆர்த்தோ டாக்டர் ராத்திரியில் வர மாட்டார் என்றால் எழுதிக்கொடுத்துவிட்டு ஸ்டான்லிக்குக் கொண்டு போங்கள். பில் பாக்கிக்காக ஆளைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் கணக்கு வேறு. ஆன்டிபயாடிக் ஊசி முதல் ஒரு மணி நேரத்துக்குள், கூடவே டெட்டனஸ் ஊசி, பிறகு தியேட்டரில் கழுவிச் சுத்தம் செய்வது. மண்ணும் கிரீஸும் உள்ளே இருக்க, மேலே தையல் மட்டும் போட்டு மூடினால் சீழ் எலும்புக்குள் இறங்கும்.

பண விஷயம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்து ஆளாக இருந்தாலும் சரி, வருமான வரம்பு கிடையாது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். ஸ்ட்ரெச்சரை இறக்குவதற்கு முன்னால் “இங்கே 48 திட்டம் உண்டா?” என்று கேளுங்கள். அந்த நர்சிங் ஹோம் திட்டத்திலேயே இல்லை; மாமா கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இன்னொன்று, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) “தானாக விழுந்தார்” என்று எழுதிவிட்டால் இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பாருங்கள். ஏ.ஆர். நகல், எக்ஸ்ரே ஃபிலிம், கட்டுப் போட்ட நேரமும் ஊசி போட்ட நேரமும் எழுதிய கேஸ் ஷீட்டின் நகல், மூன்றையும் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள்.