ஒகேனக்கல்லில் 'எரிமலைப் பச்சைக்கல்' என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள்

கிருஷ்ணகிரியில் கிரானைட் மெருகேற்றும் பட்டறையில் 18 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பலகையைப் பார்த்தே எந்தக் குவாரிக் கல் என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொண்டு திரிந்தவன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு கண்ணாடித் துண்டுக்கு 6,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசலை விட்டு இறங்கி மீன் வறுவலுக்காகக் காத்திருந்தபோது, மஞ்சள் பையுடன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய கல் ஒன்றை நிதானமாகப் பிரித்தார். வெளியே தேங்காய் ஓட்டின் சொரசொரப்பு. உள்ளே குழிவு முழுக்க ஊதாவும் நீலமுமாகப் படிகப் பற்கள். நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு பச்சைக்கல். பட்டை தீட்டிய பச்சைக்கல் ஒன்றும் தனியாக இருந்தது.

"அண்ணா, அக்கரையில் பாறை பிளந்தபோது கிடைத்தது. எரிமலைக் கல், உள்ளே இருப்பது பெரிடாட்" என்றார். பெரிடாட் என்பது நகையில் பதிக்கும் பச்சை ரத்தினக்கல். 15,000 சொன்னார். பேரம் படிந்துவிட்ட பெருமையில், என் மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து சேலத்தில் நகைத்தொழில் செய்யும் மச்சானிடம் பட்டை தீட்டிய கல்லைக் காட்டினேன். லென்ஸை வைத்துப் பார்த்தவர், "உள்ளே குமிழி இருக்கிறது, மாமா" என்றார். பெரிடாட்டாக இருந்தால் கல்லின் வழியே பார்க்கும்போது அடிப்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டைக் கோடுகளாகத் தெரியுமாம். இதில் ஒற்றைக் கோடுதான். பிறகு தராசில் வைத்தார்: 3 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தபோது 1.8. தண்ணீருக்குள் 1.2 கிராம் குறைந்தால் அடர்த்தி 2.5, அது கண்ணாடியின் கணக்கு. பெரிடாட்டுக்கு 3.3 வர வேண்டும், 0.9 கிராம்தான் குறைந்திருக்கும்.

குழிவுக் கல்லை என் மகள் விசாரித்தாள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து ஒரு பல்லைத் துடைத்தாள். பஞ்சு நீலமானது, பல் வெளுத்தது. வெறும் குவார்ட்ஸ் படிகத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். நடுவிலிருந்த பச்சையை ஊசியால் நெம்பியதும் அடியில் காய்ந்த பசையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

எனக்கு வெட்கமாக இருப்பது பணத்துக்காக அல்ல. நம் பக்கத்துப் பாறை எப்படிப்பட்டது என்று தெரிந்தும் ஏமாந்தேனே! நாங்கள் அறுக்கும் நைஸும் சார்னோகைட்டும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. அத்தனை அழுத்தத்தில் குழிவு எங்கே மிஞ்சும்? இப்படிப் படிகம் வளரும் குழிவுகள் பெரும்பாலும் எரிமலைக் குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிகளால் உண்டாகின்றன. அதற்கு மகாராஷ்டிரம் போக வேண்டும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவி இறுகிய எரிமலைப் பாறையான பசால்ட்டில்தான் புனே, ஜல்காவ் பக்கம் பச்சை அபோஃபிலைட், இளஞ்சிவப்பு ஸ்டில்பைட் போன்ற படிகங்கள் கிடைக்கின்றன. அவையும் மிருதுவானவை, கத்தி பட்டால் கீறும், மோதிரத்துக்கு ஆகாது.

பெரிடாட்டின் கதை வேறு. அது இப்படிக் குவார்ட்ஸோடு சேர்ந்து குழிவில் வளர்வதில்லை. ஆலிவின் என்ற கனிமம். பெரும்பாலும் பூமியின் மேலோட்டுக்கும் கீழேயிருந்து எரிமலைக் குழம்பு கட்டிகட்டியாக வாரிக்கொண்டு வருவது. அமெரிக்காவின் அரிசோனாவில் அப்படித்தான் கிடைக்கிறது. ஆகவே குவார்ட்ஸ் பற்களுக்கு நடுவே 'பெரிடாட்' உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவுடனேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

ரசீது இல்லை, புகார் எழுத ஆளின் பெயரும் தெரியாது. மறு வாரம் போய் மீன் வறுக்கும் அம்மாவிடம் கேட்டேன். "மஞ்சள் பைக்காரரா? கூட்டம் இருந்தால்தான் வருவார். போன வாரம் பெங்களூர்க்காரர் ஒருவரும் உங்களைப் போலவே தேடிக்கொண்டு வந்தார்" என்றார், மீனைப் புரட்டியபடி.