ராஸ்பெரி பையில் முஸ்தபா: எமுலேட்டர் நல்லவன், டிவிதான் வில்லன்

நண்பன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "மச்சான், ராஸ்பெரி பையில முஸ்தபா நல்லா ஓடுமாடா? ஒண்ணு செஞ்சு வீட்ல வைக்கலாம்னு இருக்கேன்." ஓடுமா என்று மட்டும் கேட்டிருந்தால் 'ஓடும்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். 'நல்லா' என்று சேர்த்துவிட்டான். அதனால்தான் இவ்வளவு நீளம்.

ராஸ்பெரி பை என்பது கையடக்கமான சின்னக் கணினி. என்னிடம் இருப்பது பை 4, அதில் பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை என்ற மென்பொருள், கம்பியில் இணைக்கும் ஆர்கேட் ஜாய்ஸ்டிக், ஹாலில் மாட்டியிருக்கும் டிவி. நிறுவுவது எப்படி என்று யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். முஸ்தபா தெரியாத இளசுகளுக்கு மட்டும்: அது 1993இல் கேப்காம் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. வீடியோ கேம் கடையில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான்கு பேரில் ஒருவனான மஞ்சள் தொப்பிக்காரன் பெயரே விளையாட்டுக்கும் பெயராகிவிட்டது.

முதலில் நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். மேம் என்ற எமுலேட்டரை, அதாவது பழைய ஆர்கேட் இயந்திரம் போலவே நடிக்கும் மென்பொருளை, நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 பிப்ரவரியில் வெளியிட்டார். விளையாட்டுக்கு என்று செய்ததல்ல, பழைய ஆர்கேட் போர்டுகள் எப்படி வேலை செய்தன என்பதைப் பதிவு செய்து வைக்கத்தான். நாம் விளையாட முடிவது கூடுதல் லாபம் என்பதுதான் மேம் குழுவினரின் கணக்கு. அந்தப் பிடிவாதம் எல்லா இடத்திலும் தெரியும். பாக்-மேனில் 256ஆவது கட்டத்துக்குப் போனால் திரையின் வலது பாதி குப்பை எழுத்துகளாக மாறும் அல்லவா, அது இங்கேயும் அப்படியே வரும். 1980இல் எழுதிய அதே நிரல்தானே உள்ளே ஓடுகிறது.

அதே பிடிவாதம் நம்மைப் படுத்தவும் செய்யும். முஸ்தபாவின் ஒலி கியூசவுண்ட் என்ற சிப்பிலிருந்து வருவது. அந்தச் சிப்புக்குள் இருந்த நிரலை யாரோ மெனக்கெட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். 2018இல் மேம் குழுவினர் 'இனி அந்தக் கோப்பும் வேண்டும்' என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய டினோ.ஜிப் (முஸ்தபாவின் ரோம் கோப்பு, அதாவது அசல் போர்டின் சிப்புகளில் இருந்த நிரலின் நகல்), மேமைப் புதுப்பித்ததும் 'டிஎல்-1425 காணவில்லை' என்று நின்றுவிடும். ரோம் கோப்பு கெட்டுப்போகவில்லை, அதற்கு ஒரு துணைக் கோப்பு தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ரோம் செட்டும் எமுலேட்டரின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். லேக், அதாவது பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் நடுவே விழும் தாமதம்.

பட்டனை அழுத்திய நொடியில் குத்து விழ வேண்டும். ஆர்கேட் விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. கடையில் இருந்த பழைய குழாய் டிவி, வந்த சிக்னலை வந்தபடியே வரிவரியாகத் திரையில் வரைந்துவிடும். இப்போதைய டிவி அப்படி விடுவதில்லை. படத்தை வாங்கி வைத்து, பெரிதாக்கி, படத்தில் இருக்கும் புள்ளி இரைச்சலைக் குறைத்து, அசைவை 'வழவழப்பாக்க' நடுவில் புதுப் படங்களைக் கணக்குப் போட்டுச் செருகி, அப்புறம்தான் காட்டும். நடுப்படம் செய்ய அடுத்த படம் கைக்கு வந்திருக்க வேண்டும், எனவே காத்திருந்தே ஆக வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவனுக்கு இதனால் ஒன்றும் நஷ்டமில்லை. முஸ்தபாவில் கத்தியோடு புட்சர் என்ற வில்லன் பாய்ந்து வரும்போது குதிக்க நினைப்பவனுக்கு நஷ்டம்தான்.

சும்மா புலம்புகிறேன் என்று நினைக்க வேண்டாம், அளந்தே பார்த்தேன். செல்போனில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. பட்டன் மேல் இருக்கும் விரலும் திரையில் நிற்கும் முஸ்தபாவும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துப் படமெடுத்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். விரல் பட்டனின் அடிவரை போய் நிற்கிறது. திரையில் அவன் சும்மா நிற்கிறான். இன்னும் நிற்கிறான். விரல் மேலே எழும்பத் தொடங்கிய பிறகுதான் கை நீள்கிறது. இந்த மெருகு வேலைகளைக் குறைக்கும் 'கேம் மோட்' என்ற டிவி அமைப்பு இல்லாதபோது கிட்டத்தட்ட நாற்பது படம், அதாவது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு. கேம் மோட் போட்டால் அதில் பாதி.

சரி, கேம் மோட் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். என் டிவி அதை மறந்துவிடும்! செட்டாப் பாக்ஸுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வந்தால் 'ஸ்டாண்டர்ட்' என்று உட்கார்ந்திருக்கும். மென்பொருள் அப்டேட் வந்தால் அமைப்பு மெனுவையே இடம் மாற்றி வைத்துவிடும். வீட்டில் சீரியல் முடிந்து ரிமோட் என் கைக்கு வரும் ஒவ்வொரு இரவும் மெனுவுக்குள் மெனுவாகப் போய் அதைத் தேடிப் போட வேண்டும். விற்பனையாளரிடம் கேட்டதற்கு, "படம் தெளிவா இருக்குல்ல சார்?" என்றார். இருக்கிறது, தெளிவாகவே சாகிறேன்.

இத்தனை எரிச்சலிலும் மனம் குளிர்ந்த இடம் ஒன்று உண்டு: ரெட்ரோபைக்குள் எமுலேட்டர்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில் இருக்கும் ரன்-அஹெட். 2018இல் சேர்த்த வசதி. முஸ்தபாவை நான் ரெட்ரோஆர்ச்சுக்குள் மேமில் அல்ல, ஃபைனல்பர்ன் நியோ என்ற இன்னொரு எமுலேட்டரில்தான் ஓட்டுகிறேன். பட்டனை அழுத்தியதும் அசைவைக் காட்ட விளையாட்டே ஓரிரு ஃபிரேம் (திரையில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) எடுத்துக்கொள்ளும், அசல் போர்டிலும் அப்படித்தான். இந்த வசதி அந்த ஃபிரேம்களை முன்கூட்டியே ரகசியமாக ஓட்டிப் பார்த்து, நமக்கு முடிவை மட்டும் காட்டிவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் இந்த வேலை நடக்கிறது. எத்தனை ஃபிரேம் வைக்கலாம் என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. கீபோர்டில் பி அழுத்தி விளையாட்டை நிறுத்துங்கள். குத்தும் பட்டனைப் பிடித்துக்கொண்டே கே-யைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கை எந்தத் தட்டில் அசைகிறதோ, அதற்கு ஒன்று குறைவாக வையுங்கள். கூட வைத்தால் அசைவுகள் விட்டு விட்டுத் தாவும். ஒரு ஃபிரேமுக்குப் பதினேழு மில்லி வினாடி மிச்சம். கேட்கக் கொஞ்சம்தான், கைக்குத் தெரிகிறது. ஓடிவந்து பறந்து உதைப்பது மறுபடியும் என் நினைப்போடு சேர்ந்து நடந்தது.

மற்றதெல்லாம் சில்லறை. மார்ட்டல் காம்பாட் வினாடிக்கு 54.7 முறை திரையை வரைந்த போர்டு என்பதால் 60க்குப் பழகிய டிவியில் லேசாக உதறும், முஸ்தபா 60ஐ ஒட்டியே ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை. பாக்-மேன், கேலகா போன்றவை நெடுக்குத் திரைக்குச் செய்தவை, அகலத் திரையின் நடுவில் மெலிந்து நிற்கும். புளூடூத் கன்ட்ரோலர் வேண்டாம், கம்பியே போதும். 'ஜீரோ டிலே' என்று எழுதி விற்கும் சர்க்யூட் போர்டை நம்பி ஏமாறவும் வேண்டாம், அதிலும் சில மில்லி வினாடி போகும்.

ரோம் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எமுலேட்டர் சட்டப்படி சரி, விளையாட்டின் ரோமுக்குப் பதிப்புரிமை உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வேண்டுமானால் 'கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம்' என்ற விளையாட்டுத் தொகுப்பில் காசு கொடுத்தே வாங்கலாம். முஸ்தபாவுக்கு அந்த வழி இல்லை. படக்கதை ஒன்றின் உரிமம் வாங்கிச் செய்த விளையாட்டு அது. 2018இல் கேப்காம் தன் அடிதடி விளையாட்டுகள் ஏழைச் சேர்த்து விற்றபோதும் இது அதில் இல்லை. விற்றால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

நண்பனுக்கு என்ன சொல்வது? எமுலேட்டர்களுக்கு ஐந்துக்கு ஐந்து, கண்ணை மூடிக்கொண்டு. என் ஹாலில் இருக்கும் மொத்த அமைப்புக்கு ஐந்துக்கு இரண்டு. நேற்று ராத்திரியும் கேம் மோடைத் தேடியிருக்கிறேன், அந்தக் கடுப்பு போகவில்லை, அதனால் இன்றைக்கு என் பதில் 'செய்யாதேடா'தான். கேட்க மாட்டான், தெரியும். செய்வதானால் டிவி பக்கமே போகாமல் அலுவலகங்கள் கழித்துப் போடும் சாதாரண கணினி மானிட்டர் ஒன்றைப் பிடிக்கட்டும். அதில் படத்தை மெருகேற்றும் வேலையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. ஆனால் பல மானிட்டர்களில் ஸ்பீக்கரும் இருக்காது, அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.