அரசு கர்ப்பகாலச் சேவை: பிரசவம் வரை நன்று, அதன் பிறகு?

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பிக் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் சில விஷயங்களை நாமே கேட்டுப் பெற வேண்டியிருக்கும்.

முதல் வேலை பதிவு. நாள் தள்ளியது உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி, 12 வாரத்துக்குள் பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளம்) பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை (தாய்-சேய் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய்: தவணைகளாக 14,000 ரொக்கம், மீதி 4,000 இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரோ இனிஷியலோ வேறாக இருந்தால் பணம் நின்றுவிடும். கணவர் கணக்கைக் கொடுப்பதும் பயன்படாது. கணக்கு தாயின் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும்.

பரிசோதனைகளில் மனதாரப் பாராட்ட வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். வெறும் வயிறு கட்டாயமில்லை என்பதால் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்களும் மயங்கி விழாமல் செய்துகொள்ளலாம். ரத்தச் சர்க்கரை அளவு 140 (மி.கி./டெ.லி.) அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால நீரிழிவு. கரைசலை ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்தப் பரிசோதனை செல்லாது, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். வாந்தி வந்ததைச் செவிலியரிடம் மறைக்காதீர்கள். முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்தே ஆக வேண்டும். சர்க்கரை பலருக்கு அப்போதுதான் ஏறுகிறது.

மாத்திரைகளைக் குறைவில்லாமல் கொடுக்கிறார்கள், எப்படிச் சாப்பிடுவது என்பதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ, காபியோடும் இரும்பு மாத்திரை வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயந்து நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் நரம்பு வழி இரும்பு ஊசி பற்றிக் கேளுங்கள்.

எல்லா நிலையத்திலும் ஸ்கேன் கிடையாது. 18-20 வார ஸ்கேனுக்கு எங்கே அனுப்புவார்கள் என்று 16-ஆம் வாரமே கேட்டுத் தேதி வாங்கிவிடுவது நல்லது. மாதந்தோறும் 9-ஆம் தேதி மருத்துவரே பார்க்கும் முகாம் உண்டு. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, சாப்பாடு எதற்கும் கட்டணம் இல்லை. வீடு திரும்ப 102 வண்டியும் இலவசம்.

இடறுவது இதற்குப் பிறகுதான். பதிவும் கண்காணிப்பும் புகுந்த வீட்டுத் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும். நம் பெண்களோ வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். குழந்தை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. தாய் வீட்டு ஊர்ச் செவிலியருக்குத் தகவலே போகாவிட்டால் அவர் எப்படி வருவார்? கிளம்பும் முன் இரண்டு ஊர்ச் செவிலியரிடமும் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். அங்கே புதிதாகப் பதியாமல் பழைய ஆர்.சி.எச். எண்ணையே காட்டுங்கள், இரட்டைப் பதிவு ஆனால் தவணையும் தடுப்பூசிக் கணக்கும் குழம்பும்.

வீட்டுக்கு வரும் செவிலியர் குழந்தையின் எடை, தொப்புள், தாய்ப்பால் எல்லாம் பார்ப்பார். தாயின் மனநிலையை விசாரிப்பது குறைவு, இந்தச் சேவையின் பெரிய குறை இது. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டாத உணர்வு இருந்தால் வீட்டார் 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் இலவச மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று தாய் சொன்னால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.