எலும்பை அளந்த பிறகே விலை சொன்னார்கள்: மதுரையில் செயற்கைக் காது பொருத்தும் மையம் ஒன்றைப் பற்றி

விபத்தில் வலது காதை இழந்த என் தம்பி மகனுக்கு, எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகில் (இம்ப்ளாண்டில்) மாட்டும் சிலிக்கோன் காது பொருத்துவதற்காக மதுரை அண்ணா நகரில் உள்ள ஒரு முகத்தாடை அறுவை மையத்தை நாடினோம். செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே சிடி ஸ்கேன் எடுத்து, காதுக்குப் பின்னால் எலும்பு எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்று திரையிலேயே அளந்து காட்டினார்கள். அதற்கு முன் நாங்கள் விசாரித்த வேறோர் இடத்தில், "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்" என்பதோடு பேச்சு முடிந்திருந்தது.

தடிமன் ஏன் முக்கியம் என்பதை அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முகத்தில் பதிக்கும் இம்ப்ளாண்ட் பல்லுக்குப் போடுவதைப் போல நீளமானதன்று. பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது என்பதால், காதின் மீது விழும் விசை திருகின் நீளம் முழுவதும் சீராகப் பரவாமல், அதன் கழுத்தைச் சுற்றியுள்ள மேற்புற எலும்பிலேயே தகைவாக, அதாவது எலும்புக்குள் எழும் அழுத்தமாக, குவிகிறது. அந்தக் கெட்டியான அடுக்கு தடிப்பாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். மெலிந்திருந்தால் அதே விசைக்குத் தகைவு கூடி, நாளடைவில் கழுத்தடி எலும்பு தேயவும் கூடும். நேராக அழுத்தும் விசையைவிட, காதைக் கழற்றும்போது பக்கவாட்டில் இழுக்கும் விசையே அதிகக் கேடு.

திருகு பதிக்க முதலில் குறித்த இரண்டு இடங்களில் ஒன்றில் எலும்பு மெலிந்து, உள்ளே காற்றறைகளும் இருந்ததால் அதைச் சற்றுத் தள்ளிக் குறித்தார்கள். காதைத் திருகுகளில் மாட்ட, அவற்றை இணைக்கும் கம்பியைக் கவ்விப் பிடிக்கும், பிடிப்பு அதிகமுள்ள கம்பி-கிளிப்புக்குப் பதிலாக, பக்கவாட்டு இழுப்பை எளிதில் விட்டுக்கொடுக்கும் காந்தத்தைப் பரிந்துரைத்ததும் அதே கணக்கில்தான். திருகு எலும்போடு இணையும்வரை சில மாதங்கள் காக்க வைத்தார்கள், அவசரப்படுத்தவில்லை.

குறைகளும் உண்டு. திருகைச் சுற்றியுள்ள தோலை நாள்தோறும் சுத்தம் செய்யும் முறையை ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரே தாளில் கொடுத்தார்கள். உசிலம்பட்டியில் இருக்கும் பெற்றோருக்கு அதனால் என்ன பயன்? மதுரை வெயிலில் வியர்வை தேங்கும் இடம் அது. சிலிக்கோன் காது ஓரிரு ஆண்டுகளில் நிறம் மங்கி மாற்ற வேண்டிவரும் என்பதையும், அதற்கான செலவையும் நாங்களாகக் கேட்ட பிறகே சொன்னார்கள். அங்கே செல்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.