கிராவல் குழிக்கு மேல்மண்: உடனே பரப்புவதா, குவித்து வைப்பதா, ஏரி வண்டல் கொணர்வதா?

காவிரி டெல்டா முழுவதும் வண்டல் நிலமன்று. தஞ்சாவூரை அடுத்த வல்லம் மேட்டிலும், கல்லணைக் கால்வாயை ஒட்டிய ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களிலும் செம்மண்ணும், பல இடங்களில் அதனடியில் செம்பொறைக் கிராவலும் (சிவந்த சரளை மண்) கிடக்கின்றன. சாலைக்கும் மனை நிரப்பவும் அந்தக் கிராவலை வெட்டியெடுத்த பிறகு அதே நிலத்தில் கடலையோ உளுந்தோ மறுபடி விளைய வேண்டுமானால், மேலே இருந்த 15 முதல் 30 செ.மீ. மண் எங்கே போயிற்று என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். மக்கிய பொருளும் நுண்ணுயிரும் புல் விதையும் பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன; கீழே உள்ள கிராவல் நீரையும் சத்தையும் பிடித்து வைக்காது.

பலரும் முதலில் தேர்வது குவித்து வைப்பதையே. ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. உரித்தால் 3,000 கனமீட்டர் மண் வரும். வெட்டும்போது பொலபொலத்து இன்னும் பெருகும். அதை 2 மீட்டர் உயரத்துக்கு மேற்படாமல் குவித்தால் சரிவுகளையும் சேர்த்து ஹெக்டேரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் அடைபடும். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி உயர உயரக் குவிப்பதில்தான் கேடு தொடங்குகிறது. குவியலின் உட்பகுதிக்குக் காற்று எட்டுவதில்லை. மண்புழுவும் காற்று தேடும் நுண்ணுயிர்களும் மடிகின்றன. உயிருள்ள வேர் இல்லாததால், பயிருக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துத் தரும் வேர்ப்பூசணம் மாதக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகிறது. வடகிழக்குப் பருவமழை மூடாத சரிவை அரித்துச் செல்வது தனி இழப்பு. தாழ்வாகக் குவித்து, தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் பயிரை விதைத்து வைத்தால் இழப்பு குறையும், ஆனால் நிற்காது. நம் பக்கத்தில் மற்றோர் ஆபத்தும் உண்டு: சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நல்ல மண்ணுக்கு வாங்குவோர் எப்போதும் இருக்கிறார்கள்.

வண்டல் கொணரலாமே என்பவர்களின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஏரி வண்டலின் களித்தன்மை, நீர் நில்லாத செம்மண்ணுக்கு மெய்யாகவே நல்லது. ஆனால் அளவு எங்கே கட்டுப்படியாகும்? விவசாயத்துக்கு இலவசமாக வண்டல் எடுக்க அரசு அனுமதிக்கும் அளவு புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர்; பரப்பினால் அது இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல்தான் வரும். ஒரு முழு மேல்மண் அடுக்குக்கு அது ஈடாகாது, மேலே தூவும் ஊட்டமாக மட்டுமே உதவும். உரித்த மண்ணை விற்றுவிட்டு, பிறகு வண்டல் அடித்துக்கொள்ளலாம் என்று எழுதப்படும் திட்டத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

ஆகவே உரித்ததை உடனே பரப்பும் முறையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. குத்தகை நிலத்தை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, முதல் துண்டின் மேல்மண்ணை மட்டும் தாழ்ந்த குவியலாக ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டாம் துண்டின் மண்ணை வெட்டி முடிந்த முதல் துண்டின் தரையிலும், மூன்றாவதன் மண்ணை இரண்டாவதிலும் பரப்பிக்கொண்டே போனால், முதலில் ஒதுக்கி வைத்த மண் கடைசித் துண்டுக்குப் போய்ச் சேரும். குவியலில் உறங்கும் மண் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மற்ற மண் உயிரோடு இடம் மாறுகிறது, விதைகள் முளைக்கின்றன, மண்ணை இருமுறை ஏற்றி இறக்கும் டிப்பர் வாடகையும் மிஞ்சுகிறது.

இம்முறைக்கும் நிபந்தனைகள் உண்டு. பரப்பும் முன் இறுகிய குழித்தரையை ஆழக் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே எவ்வளவு நல்ல மண் இருந்தாலும் வேர் அதற்குக் கீழே இறங்காது. பொக்லைன் கொண்டு பின்வாங்கியபடியே மண்ணைத் தளர்வாகக் கொட்டிப் பரப்ப வேண்டும், புல்டோசரை அதன்மேல் ஓட்டக் கூடாது. ஈர மண்ணைத் தொடவே கூடாது. மாசி முதல் வைகாசி வரையிலான காய்ந்த மாதங்களே இதற்கு ஏற்றவை. வரிசைப்படி வெட்டும் கட்டுப்பாடு ஒப்பந்தக்காரருக்குத் தொல்லைதான். நல்ல கிராவல் தெரியும் இடத்தில் முதலில் கைவைக்கவே அவர் விரும்புவார்.

கிராவல் போன்ற சிறு கனிமங்களை வெட்டும் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த அனுமதிக்கான திட்டத்தில் மேல்மண்ணைச் சேமிப்போம் என்று ஒரு வரி எழுதி முடிப்பதை விட, துண்டுகளின் வரிசை, குவியலின் உயரம், பரப்பும் மாதம் ஆகியவற்றை வரைபடத்தோடு கேட்டு வாங்குவதே நில உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

குழித்தரை மழைநீர் வடிய வழியில்லாத அளவுக்குத் தாழ்ந்துவிடும் இடங்களில் மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே குழியைக் குளமாக விட்டு, உரித்த மேல்மண்ணை அன்றன்றே பக்கத்து மேட்டுப் புஞ்சைகளில் பரப்பிவிடுவதே சரி.