லாகர்: கோட்டையா, அரணா, பாசறையா?

தென்னாப்பிரிக்க வரலாற்றைத் தமிழில் எழுத முனையும் எவரும், மாட்டுவண்டிகளை வளைத்து நிறுத்தி அமைக்கும் காப்பிடத்தைக் குறிக்கும் லாகர் என்னும் சொல்லைக் கடந்தே ஆக வேண்டும். டிசம்பர் 16 ஆம் நாள் வரும் நல்லிணக்க நாள் விடுமுறையின் பின்னணியை டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு எழுத உட்கார்ந்தபோது, 1838-இல் அதே நாளில் ஜூலுப் படையோடு நடந்த போருக்காக இன்கோமே ஆற்றங்கரையில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் 64 மாட்டுவண்டிகளை நிறுத்தி அமைத்த காப்பிடத்தை எப்படி அழைப்பது என்று நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கோட்டை, அரண், பாசறை மூன்றையும் எடைபோட்டுப் பாசறையையே கொண்டேன்.

கோட்டை எல்லாருக்கும் தெரிந்த சொல். வளைவைக் குறிக்கும் கோடு என்னும் அடியோடு அதை இணைத்துச் சொல்லாய்வாளர் விளக்குவதால், வளைத்து நிறுத்திய வண்டிகளுக்கு அது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் 1666-இல் தொடங்கி 1679-இல் கட்டி முடித்த கேப்டவுன் கோட்டை ஐந்து கொத்தளங்களோடு இன்றும் கல்லாக நிற்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பிள்ளைகளின் மனத்தில் மதில்தான் எழும்.

அரண் இதைவிடப் பரந்த சொல். ‘மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்’ என்னும் குறள், மனிதன் கட்டாததையும் அரணாகவே எண்ணுகிறது. இன்கோமேயில் ஒரு பக்கம் ஆற்றின் ஆழமான மடுவும் இன்னொரு பக்கம் செங்குத்தான ஓடைப் பள்ளமும் காவலாக இருந்தன என்பதை நினைத்தால் இச்சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் ‘உயர்வகலம் திண்மை அருமை’ என்று அடுத்த குறளே நிலைத்த காவலின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது.

என்னைப் பாசறையின் பக்கம் சாய வைத்தது நிலையாமை என்னும் ஒரே கூறுதான். ஒரு வண்டியின் ஏர்க்காலை அடுத்த வண்டிக்கு அடியில் நுழைத்து, சங்கிலியாலும் தோல்வாராலும் பிணைத்து, இடைவெளிகளில் முட்கிளைகளைத் திணித்து லாகரை அமைப்பார்கள். ஆபத்து நீங்கியதும் பிணைப்பை அவிழ்த்து, காளைகளைப் பூட்டி, அதே வண்டிகளில் பயணத்தைத் தொடர்வார்கள். நேற்றுவரை காவலாக நின்றதே இன்று ஊர்தியாகிவிடும். சொல்லின் பிறப்பும் இதையே சொல்கிறது: போயர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸில் வழங்கும் இச்சொல் டச்சு லேகர், ஜெர்மன் லாகர் ஆகியவற்றின் உறவு, படுத்துக் கிடத்தலைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து தோன்றித் தங்குமிடம், படை தங்குமிடம் என்று பொருள் விரிந்தது. மதில் என்னும் பொருள் அதன் வேரில் இல்லவே இல்லை.

நம்மிடமும் இதே காட்சி இருக்கிறது. பிடவத்தையும் பசும்புதர்களையும் வெட்டி அகற்றி, ‘இடுமுட் புரிசை ஏமுற வளைஇ’ அமைத்த பாசறையை முல்லைப்பாட்டு காட்டுகிறது. முள்வேலி சூழ, போர் முடியும்வரை மட்டும் நிற்கும் அந்தத் தங்கலைவிட லாகருக்கு நெருக்கமான ஒன்றைத் தமிழில் நான் காணவில்லை. படைவீடு என்னும் சொல்லும் படை தங்குமிடத்தையே குறிக்கும். ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் நம் குடும்பங்களில் அது முருகனின் ஆறு தலங்களுக்கே உரியதாகிவிட்டதால் அதை நான் தொடவில்லை.

பாசறை முழுதும் பொருந்திவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். அது போருக்குப் புறப்பட்ட படையின் இடம். லாகருக்குள்ளோ பல வேளைகளில் குடும்பங்களே இருந்தன. 1836-இல் வெக்கோப் என்னும் இடத்தில் நடந்த போரில் பெண்கள் உள்ளிருந்தபடி துப்பாக்கிகளுக்கு மருந்து நிரப்பித் தந்தார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ‘வண்டியரண்’ என்று எழுதியிருக்கிறேன். மற்ற இடங்களில் லாகர் என்று முதலில் சொல்லி, அடுத்து ‘வண்டிப் பாசறை’ என்றே தொடர்கிறேன். இதுவரை பிள்ளைகளிடம் மட்டுமே பயன்படுத்தியிருப்பதால், பெரியவர்களின் வாசிப்பில் இது எப்படி நிற்கும் என்பதை இனித்தான் பார்க்க வேண்டும்.