செங்கோட்டை – புளியரைச் சாலை மின்பழுது பட்டறை: சென்சாரைக் கழற்றும் முன் கம்பியைச் சோதிப்பவர்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரைக்குச் செல்லும் சாலையில், பெயர்ப்பலகையில் பாதி எழுத்துகள் உதிர்ந்துபோன ஒரு கார் மின்பழுது பட்டறை இருக்கிறது. டிங்கரிங், பெயிண்ட் போன்ற வேலைகள் அங்கு நடப்பதில்லை. வயரிங், சென்சார், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தொடர்பான பழுதுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். 1956-இல் மாநிலச் சீரமைப்பின்போதுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த ஊர் என்பதாலோ என்னவோ, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்து வண்டிகளும் நம் வண்டிகளுக்குச் சமமாக அங்கே நிற்கின்றன. மலையாளமும் தமிழும் கலந்தே பேச்சு நடக்கிறது.

என் பெட்ரோல் காரில் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0135 என்ற பழுதுக் குறியீடு (கோடு) வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்து, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் குறை என்பது அதன் பொருள். வேறொரு பட்டறையில் அந்தக் கோடைப் பார்த்த உடனேயே புது சென்சார் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். சில நாட்களிலேயே அதே விளக்கு மீண்டும் எரிந்தது. அந்தக் கோடு குற்றம் சாட்டுவது சர்க்யூட்டை. சென்சார் அதில் ஒரு பகுதி மட்டுமே. பியூஸ், ரிலே, கம்பி, கனெக்டர், ஈசியூ என எது கெட்டாலும் இதே எண்தான் வரும்.

சிர்கோனியா என்ற பீங்கானால் ஆன இவ்வகை ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் ஒழுங்காக அளவு காட்டும். புகைக்குழாயின் சூடு மட்டும் அதை அந்நிலைக்குக் கொண்டுவர நேரமாகும் என்பதால் உள்ளே ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்யாவிட்டால் வண்டி நின்றுவிடாது. ஆனால் சென்சார் தானாகச் சூடேறும் வரை ஈசியூ அதன் சொல்லைக் கேளாமல், நினைவில் உள்ள கணக்கின்படியே எரிபொருளைத் தெளிக்கும். பக்கத்து ஊருக்குப் போய்வரும் குறுகிய ஓட்டங்களில் மைலேஜ் குறைவதை முதலில் உணர்வது இதனால்தான்.

இந்தப் பட்டறையை நடத்தும் அண்ணாச்சி முதலில் சென்சாரின் கனெக்டரைப் பிரித்து, ஹீட்டருக்குரிய இரண்டு கம்பிகளுக்கிடையே ஓம் அளவைப் பார்த்தார். ஏறத்தாழ 6 ஓம் காட்டியது. ஆகவே புது சென்சாரின் ஹீட்டர் நன்றாகவே இருந்தது. பிறகு வண்டிப் பக்கத்துக் கனெக்டரில், ஹீட்டருக்கு மின்சாரம் வரும் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தபோது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. பல மெக்கானிக்குகள் இந்த இடத்தில் கம்பியில் குறையில்லை என்று முடிவுகட்டி, ஈசியூவின் மீது பழி போடுவார்கள். அண்ணாச்சி அப்படிச் செய்யவில்லை. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காத கருவி. பத்து இழைகளில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியிலும் அது முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். எனவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அந்தக் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே மாட்டினார். அந்த பல்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஹீட்டர் எடுக்கும் அளவும் அதற்கு நெருங்கியதே. பல்பு மங்கலாகச் சிவந்ததோடு நின்றது. மீட்டரில் வோல்ட்டேஜ் பாதிக்கும் கீழே சரிந்தது. குறை எங்கே என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அந்த வண்டியில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களுக்கும் ஒரே பியூஸிலிருந்து மின்சாரம் பிரிகிறது. பின் சென்சாரின் ஹீட்டருக்குரிய பி0141 கோடு வராததால், பிரிவுக்குப் பிந்தைய கம்பியில்தான் பழுது என்று அவர் கணித்துத் தேடினார். ஒரு கிளிப்புக்கு அருகே உறை உரசித் தேய்ந்து, நீர் இறங்கி, செம்பு பச்சை பூத்திருந்தது. தென்மேற்குப் பருவமழையில் மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இது அரிய நோயன்று. “சாமானை மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை சார், ஏன் போச்சுன்னு பாக்கணும்லா” என்றார். கெட்ட பகுதியை வெட்டி, புதுக் கம்பி இணைத்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கட்டினார்.

ஈசியூ பக்கத்துக் கம்பியையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஹீட்டரின் நெகட்டிவ் பக்கத்தை ஈசியூ துடிப்புகளாகத்தான் இணைத்துத் துண்டிக்கும் என்பதால் சாதாரண மீட்டர் அங்கே சராசரியை மட்டுமே காட்டும். அதற்காக, துடிப்புகளைத் திரையில் வரைந்து காட்டும் ஒரு சிறிய ஆசிலோஸ்கோப்பை வைத்திருக்கிறார். என்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்து, சென்சாரின் அளவு 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறியிறங்குவதை ஸ்கேனரில் காட்டிய பின்னரே சாவியைத் தந்தார். வாங்கிய கூலி, முன்பு வீணாகப் போட்ட சென்சாரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

குறைகளும் உண்டு. வண்டியை இரவு விட்டுவர வேண்டியிருக்கும். தொலைபேசியை எடுப்பது அவர்கள் விருப்பம். உட்கார நிழல் கிடையாது. பில் துண்டுத்தாளில் வருகிறது, அதில் ‘வயரிங் வேலை’ என்பதற்கு மேல் ஒன்றும் இராது. இவ்வளவு நுணுக்கமாகச் சோதிப்பவர்கள் எடுத்த அளவுகளையும் எழுதித் தந்தால், வண்டி அடுத்த முறை வேறு எங்கு போனாலும் உதவும். பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளைத் தொடுவதில்லை என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். சென்சார் மாற்றத்தான் வேண்டும் என்றால் அசல் பாகத்தை நாமே வாங்கிச் செல்ல வேண்டும். காலை நேரத்தில் சென்றால்தான் அண்ணாச்சியே பார்ப்பார். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் அவருடைய பையன்களிடம் வண்டி போகும், அவர்கள் கைக்கு இன்னும் அந்தப் பொறுமை வரவில்லை.